பக்கத்து வீட்டோடு ஒரே சுவர் வைத்துப் பின்பக்கம் ரூம் எடுக்கலாமா? (சத்துவாச்சாரி, வேலூர்)

பின்கட்டு:

வணக்கம். சத்துவாச்சாரியில் ஹவுசிங் போர்டு வீடு, அப்பா காலத்தில் வாங்கியது. ஒட்டிக் கட்டிய இரட்டை வீடு, அதில் ஒரு பாதி எங்களுடையது. பின்னால் துவைக்கிற கல்லும் ஒரு முருங்கை மரமும் நிற்கிற இடம் 14 அடி நீளத்துக்குக் காலியாக இருக்கிறது. அம்மாவுக்கு முட்டி வலி, மாடி எடுத்தால் ஏற மாட்டார்கள். அதனால் பின்பக்கம் ஒரு ரூமும் அதோடு சேர்ந்த பாத்ரூமும் போடலாம் என்று முடிவு செய்தோம்.

இந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு அண்ணனும் பின்பக்கம் ரூம் எடுக்கிறார். சிஎம்சிக்கு வைத்தியத்துக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட. இரண்டு வீட்டுக்கும் ஒரே மேஸ்திரி. அண்ணன் சொல்கிறார், நடுவில் இருக்கிற காம்பவுண்டு சுவரை (நாலரை அங்குலம், ஐந்தடி உயரம்) இடித்துவிட்டு அதே இடத்தில் ஒன்பது அங்குலத்தில் ஒரே சுவர் எழுப்பலாம், இரண்டு ரூமின் தளமும் அதன்மேல் உட்காரட்டும், செலவு பாதி பாதி. மேஸ்திரிக்கும் சம்மதம். "இன்னா சார், ஒரு எடத்துல ரெண்டு செவுரு எதுக்கு" என்கிறார்.

கணக்குப் போட்டால் ஆசையாகத்தான் இருக்கிறது. 14 அடி நீளம், 10 அடி உயரம், 140 சதுர அடி. ஒன்பது அங்குலச் சுவருக்கு 1,500 செங்கல் பிடிக்கும். பாதி என்றால் எனக்கு 750. தனியாகக் கட்டினால் முழு 1,500ம் என் தலையில், அதோடு ரூமுக்குள் நாலரை அங்குலம் போய்விடும். கட்டில் போட்டுவிட்டு அம்மா வாக்கர் வைத்து நடக்க இடம் வேண்டும், நாலரை அங்குலம் எனக்கு ஒன்றும் சின்ன விஷயம் இல்லை.

என் மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள், நாளைக்கு அண்ணன் வீட்டை விற்றுவிட்டால்? எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் முன்பக்கம் போர்டு கட்டிக்கொடுத்ததே ஒரே சுவர்தானே, முப்பது வருஷமாக நன்றாகத்தானே இருக்கிறது, பின்பக்கம் மட்டும் என்ன வந்துவிடப் போகிறது என்றும் தோன்றுகிறது. திங்கட்கிழமை செங்கல் இறங்குகிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ரசமட்டம்:

பதினைந்து வருஷமாகக் காட்பாடி, வேலூர் பக்கம் சைட் பார்க்கிறேன். முதலில் அந்த முன்பக்கச் சுவர் விஷயம். போர்டு கட்டியபோது இரண்டு வீட்டுக்கும் ஒரே நாளில் கடைக்கால் எடுத்து, ஒரே தளமாகப் போட்டிருப்பார்கள். பாரமும் இரண்டு பக்கமும் ஒரே அளவு. அதனால் நிற்கிறது. நீங்கள் இப்போது செய்யப்போவது அது இல்லை. உங்களுடையது அம்மாவுக்கு ஒரு ரூம், அதோடு சரி. அண்ணன் வாடகைக்கு விடுகிறவர். முதல் ரூமில் காசு வந்தால் அடுத்து அதன்மேல் ஒரு மாடி போடுவார், நான் அவர் இடத்தில் இருந்தாலும் போடுவேன். அந்தப் பாரம் பாதி உங்கள் கடைக்காலில் இறங்கும். ஒரு பக்கம் கனம், ஒரு பக்கம் லேசு என்றால் கடைக்கால் ஒரே மாதிரி உட்காராது. உட்காராவிட்டால் விரிசல் எங்கே வரும் என்று உங்களுக்கே தெரியும்.

இன்னொன்று, ஒன்பது அங்குலச் சுவரில் இரண்டு தளமும் உட்கார வேண்டும் என்றால் ஆளுக்கு நாலரை அங்குலம்தான் கிடைக்கும். இரண்டு பேரும் ஒரே நாளில் கான்கிரீட் போட்டால் பரவாயில்லை. அண்ணனுக்குக் கையில் பணம் இருந்து அவர் முதலில் போட்டார் என்று வையுங்கள், சென்ட்ரிங் (கான்கிரீட் கொட்டுகிற பலகை அச்சு) அடிக்கிறவன் நாலரை அங்குலத்தில் நிறுத்துவானா? முழுச் சுவர் மேலேயும் போட்டுவிட்டுப் போய்விடுவான். அப்புறம் உங்கள் தளம் எதன்மேல் உட்காரும்? விருதம்பட்டில் ஒரு சைட்டில் இதே கதை. கடைசியில் இரண்டாவது ஆள் சுவரை ஒட்டி உள்பக்கம் தனியாகத் தூண் போட்டுத்தான் தளம் நிறுத்தினார். நாலரை அங்குலத்தை மிச்சம் பிடிக்கப் போய் ஒன்பது அங்குலம் போயிற்று.

உங்கள் செங்கல் கணக்கில் ஒன்றை விட்டுவிட்டீர்கள். தூண், பீம் வைத்துக் கட்டினால் சுவர் பாரம் தாங்க வேண்டிய வேலையே இல்லை, நாலரை அங்குலம் போதும். நாலரை அங்குலச் சுவருக்கு 140 சதுர அடிக்கு எத்தனை கல்? அதே 750. ஆளுக்கு ஒரு நாலரை அங்குலச் சுவர், அவரவர் இடத்துக்குள். கல் செலவு பொதுச் சுவருக்கு ஆகிற அதே செலவு, இடமும் கிட்டத்தட்ட அதே இடம். கூடுதலாக ஆவது தூணுக்கும் பீமுக்கும் கம்பி, சிமெண்டு. அது குறைச்சல் இல்லைதான், ஒப்புக்கொள்கிறேன். தூண் ஒன்பது அங்குலம் இருக்கும், நாலு மூலையிலும் கொஞ்சம் துருத்தும், கட்டிலை அதற்கு ஏற்ற மாதிரி போட வேண்டும். ஆனால் நாளைக்கு அண்ணன் மாடி போட்டாலும், இடித்தாலும், விற்றாலும் உங்கள் ரூம் தன் காலில் நிற்கும்.

தூண் வைக்கும்போது கவனிக்க வேண்டியது கடைக்கால். எல்லையை ஒட்டி நிற்கிற தூணுக்கு வழக்கமான சதுரக் கடைக்கால் போட்டால் பாதி அண்ணன் மனைக்குள் போய்விடும். மேலே சுவர் பிரிந்திருக்கும், பூமிக்கடியில் இருவரும் ஒருவர் இடத்தில் ஒருவர் இருப்பீர்கள். கடைக்கால் முழுவதும் உங்கள் பக்கமே இருக்கும்படி ஓரமாக வைத்து, உள்பக்கத் தூணோடு பூமிக்கடியிலேயே பீம் போட்டு இழுத்துக் கட்ட வேண்டும். இதை மேஸ்திரியின் கண் அளவுக்கு விடாதீர்கள், ஒரு என்ஜினீயரிடம் கம்பி வரைபடம் வாங்கிவிடுங்கள். மலையடிவாரம் என்பதால் உங்கள் பக்கம் சீக்கிரமே கெட்டி மண் தட்டுப்படலாம், பாலாற்றோரம் மாதிரி மணல் இல்லை, ஆனால் தோண்டிப் பார்த்துவிட்டுத்தான் ஆழத்தை முடிவு செய்ய வேண்டும்.

இரண்டு சுவருக்கும் நடுவில் ஒரு அங்குலத் தெர்மோகோல் வையுங்கள். சும்மா இடைவெளி விட்டால் கலவை விழுந்து அங்கங்கே இரண்டு சுவரையும் ஒட்டவைத்துவிடும், ஈரம் அந்த வழியாகத்தான் தாண்டும். முதலில் எழும்புகிற சுவருக்கு வெளிப்பக்கம் பூசிவிட்டு அப்புறம் இரண்டாவது சுவரைத் தொடங்குங்கள். இரண்டாவது சுவரின் வெளிப்பக்கத்தைப் பிறகு யாராலும் பூச முடியாது, கை நுழையாது. அதனால் மேலே இரண்டு கைப்பிடிச் சுவருக்கும் சேர்த்து ஒரு தகடு மூடியோ, ஒரு பக்கம் மட்டும் பிடிமானம் உள்ள கான்கிரீட் மூடியோ கட்டாயம். அதை விட்டால் மழைத் தண்ணீர் நேராக நடுவில் இறங்கும், எங்கிருந்து வருகிறது என்று தேடியே ஒரு வருஷம் போகும்.

நாலரை அங்குலச் சுவருக்குக் கலவை ஒன்றுக்கு நாலு, அதாவது ஒரு பங்கு சிமெண்டுக்கு நாலு பங்கு மணல். ஒன்றுக்கு ஆறு ஒன்பது அங்குலத்துக்குத்தான், மேஸ்திரிகள் எல்லாவற்றுக்கும் ஒரே கலவையை வீசுவார்கள். நாலு வரிசைக்கு ஒருமுறை இரண்டு ஆறு எம்எம் கம்பி. ஒரு நாளில் ஐந்தடிக்கு மேல் ஏற்ற விடாதீர்கள். வேலூர் வெயிலுக்குக் காலையில் ஒரு தடவை பைப் பிடித்துவிட்டுப் போனால் போதாது, ஒரு வாரமாவது சுவர் காயவே கூடாது. பழைய வீட்டுச் சுவரில் கல்லைக் குத்தி எடுத்துப் புதுச் சுவரை அதில் கோத்துக் கட்டுகிறேன் என்பார், அதற்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள். பழையது உட்கார்ந்து முடிந்தது, புதியது இனிமேல்தான் உட்காரும்.

ஓட்டேரிக்காரர்:

ரசமட்டம் சொல்வது எல்லாம் சரி, ஆனால் இரட்டைச் சுவர் நடுவில் எலி குடியேறினால் அதற்கு வாடகை யார் வாங்குவது? கிண்டல் இல்லை சார், எங்கள் வீட்டில் நிஜமாகவே நடந்தது. மேலே மூடி போட்டார்கள், பக்கவாட்டு முனையை அடைக்கவில்லை. ராத்திரி முழுக்கப் பிராண்டல். தெருப்பக்கம் தெரிகிற முனையையும் அடைக்கச் சொல்லுங்கள்.

கொசப்பேட்டை மருமகள்:

நான் பொதுச் சுவர் வீட்டில் வாழ்ந்தவள் என்பதால் எழுதுகிறேன். கொசப்பேட்டையில் மாமனார் வீடு. பழைய மெட்ராஸ் டெரஸ் கட்டடம், இரண்டு வீட்டு மர விட்டங்களும் ஒரே சுவரில் இரண்டு பக்கமிருந்தும் சொருகியிருக்கும். அவர்கள் வீட்டில் உரலில் இடித்தால் எங்கள் ஷெல்ஃபில் டம்ளர் ஆடும். மற்றபடி ஒரு சண்டை இல்லை, இரண்டு தலைமுறையாக. ஒருவர் சுண்ணாம்பு அடித்தால் மற்றவரையும் கேட்டு ஒரே ஆளை வைத்து அடிப்பார்கள்.

அவர்கள் பிள்ளைகள் வீட்டை விற்றார்கள். வாங்கியவர் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுகிறேன் என்றார், அவர் இடம், அவர் உரிமை. சுவரை அவர் தொடவில்லை, நல்ல மனிதர்தான். ஆனால் தன் பக்கம் எல்லாவற்றையும் இடித்து முடித்த அன்றைக்கு மாடியிலிருந்து எட்டிப் பார்த்தேன். எங்கள் சுவரின் அந்தப் பக்கம் அவர்கள் சமையலறையின் நீலச் சுண்ணாம்பு அப்படியே இருக்கிறது, காலண்டர் மாட்டிய ஆணி இருக்கிறது, அதற்கு மேலே வரிசையாக விட்டம் பிடுங்கிய ஓட்டைகள், ஒவ்வொன்றும் ஒரு முகம் நுழைகிற அளவு. ஒன்றில் புறா உட்கார்ந்திருந்தது. வீட்டுக்குள் இருக்க வேண்டிய சுவர், வெளிச் சுவராகிவிட்டது. வெளிப்பூச்சு கிடையாது, அந்த மண் கலவை மழையைப் பார்த்ததே இல்லை.

அது 2021. நவம்பர் மழை ஞாபகம் இருக்கும், பாலாற்றில் வெள்ளம் வந்ததே. எங்கள் படுக்கையறையில் இடுப்பு உயரத்துக்கு ஈரம் ஏறிப் பூச்சு பொரிந்து விழுந்தது. பேரணாம்பட்டில் வீடு இடிந்து ஒன்பது பேர் போன செய்தி வந்த அன்றைக்கு எல்லோரும் ஹாலுக்கு வந்து படுத்தோம். அந்த மாதக் கடைசியில் ஒருநாள் விடிகாலை நிலம் வேறு லேசாக ஆடியது, மாமியார் அந்த ரூம் பக்கமே போகவில்லை. அந்தப் பக்கம் பூசித் தர வேண்டியது யார் என்று இரண்டு வருஷம் பேசினோம். அவர் சொல்வார், என் இடத்தில் சாரம் கட்டிப் பூசிக்கொள்ளுங்கள், செலவு உங்களுடையது என்று. எங்கள் மாமா சொல்வார், இடித்தது நீ, பூசு என்று. கடைசியில் செலவு எங்களுடையதுதான்.

நீங்கள் அண்ணனை நம்புகிறீர்கள், சரி. நாங்களும் அந்த வீட்டுக்காரர்களை நம்பினோம், அவர்கள் கடைசி வரைக்கும் நம்பிக்கைக்கு உரியவர்களாகத்தான் இருந்தார்கள். வீடு கைமாறும் என்பதை யாரும் நினைக்கவில்லை. உங்கள் மனைவி கேட்ட கேள்வி சரியான கேள்வி.

இன்னொன்று, அண்ணன் ரூமின் பாத்ரூம் எந்தப் பக்கம் வருகிறது என்று கேளுங்கள். வாடகைக்கு விடுகிற ரூம், ராத்திரி இரண்டு மணிக்கும் தண்ணீர் ஓடும். அம்மாவின் தலைமாட்டில் பைப் ஓடினால் பொதுச் சுவராக இருந்தாலும் தனிச் சுவராக இருந்தாலும் தூக்கம் போச்சு.

பத்திரம் படிக்கிறவன்:

கட்டட விஷயம் மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள், காகித விஷயம் நான் சொல்கிறேன். ஒருவேளை பொதுச் சுவரே கட்டுவதாக இருந்தாலும் வாய்ப்பேச்சு வேண்டாம். பத்திரத் தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு பீரோவில் வைத்தால் போதும் என்று நினைப்பவர்கள்தான் அதிகம். 1908 பதிவுச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, நூறு ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள அசையாச் சொத்தில் உரிமையை உண்டாக்குகிற ஆவணத்தைப் பதிய வேண்டும். பதியாத காகிதம் வில்லங்கச் சான்றிதழில் ஏறாது. அண்ணனிடம் நாளைக்கு வீடு வாங்குகிறவர் வில்லங்கம் போட்டுப் பார்ப்பார், சுவரைப் பற்றி ஒரு வரி இருக்காது, "எனக்கு யாரும் சொல்லவில்லையே" என்பார். அவர் சொல்வதும் பொய் இல்லை.

பழைய பத்திரங்களில் பாருங்கள், நான்கெல்லை எழுதி முடித்ததும் "வடபுறச் சுவர் பொது, மற்ற மூன்று சுவரும் பாத்தியம்" என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரிதான் பல குடும்பங்களை நீதிமன்ற வாசலிலிருந்து காப்பாற்றியிருக்கிறது. உங்கள் போர்டு விற்பனைப் பத்திரத்தை எடுத்து முன்பக்கச் சுவருக்கு என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் படியுங்கள். எழுதுவதாக இருந்தால் சுவர் யார் மனையில் எவ்வளவு, மேல்தளம் யார் போடலாம், ஒருவர் இடித்தால் மற்றவர் பக்கத்துக்கு முட்டும் பூச்சும் யார் செலவு, சுவரைக் குடைந்து பைப் விடலாமா, இவ்வளவும் வர வேண்டும். இரண்டு பேரும் ஒரே இடத்தில் எதிரெதிராக சுவிட்ச் பெட்டிக்குக் குடைந்து நடுவில் ஒரு அங்குலம் மட்டும் மிஞ்சியதை நானே பார்த்திருக்கிறேன். அவர்கள் வீட்டு டிவி எங்களுக்குக் கேட்டது என்று அந்த அம்மா சொன்னார்.

1882 வசதியுரிமைச் சட்டத்தில் இருபது வருஷம் தடையில்லாமல் அனுபவித்தால் வெளிச்சம், காற்று மட்டுமல்ல, கட்டடத்துக்குக் கிடைக்கிற தாங்கலும் உரிமையாகிவிடும் என்று இருக்கிறது. சிலர் இதை வைத்துத் தைரியம் சொல்வார்கள். அந்த இருபது வருஷத்தை நிரூபிக்க நீங்கள் வழக்குப் போட வேண்டும் என்பதைச் சொல்ல மாட்டார்கள்.

அப்புறம் அனுமதி. 2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டத்தில் 2,500 சதுர அடி மனைக்குள் 3,500 சதுர அடி வரை இணையத்திலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. உடனே கிடைக்கிறது என்பதால் பக்கவாட்டில் இடம் விட வேண்டாம் என்று அர்த்தம் இல்லை. உங்கள் மனைக்கு எவ்வளவு விட வேண்டும், ஒட்டிக் கட்டலாமா என்பதை வரைபடம் போடுகிறவரிடம் எல்லையைத் தொடுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். அதற்கும் முன்னால் எல்லை எங்கே என்று தெரிய வேண்டும். காம்பவுண்டு சுவர் நிற்கிற இடம்தான் எல்லை என்று எப்படி முடிவு செய்தீர்கள்?

பின்கட்டு:

எல்லோருக்கும் நன்றி. கடைசிக் கேள்வி ராத்திரி தூங்க விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அண்ணனைக் கூப்பிட்டுக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனேன். போர்டு கட்டிய பொதுச் சுவர் மேலே கைப்பிடிச் சுவராகத் தெரிகிறது. தெருப்பக்க முனையில் ஒன்பது அங்குலத்தை அளந்து நடுவில் ஒரு ஆணி, பின்பக்க முனையில் அதேபோல ஒரு ஆணி. மேஸ்திரியின் நூலைக் கட்டி அப்படியே நேராகப் பின்னால் தோட்டம் வரைக்கும் இழுத்தோம். அந்த முனையில் ஒரு சவுக்குக் கம்பை நட்டு, நூலிலிருந்து தூக்குக்குண்டை இறக்கினேன்.

காம்பவுண்டு சுவர் மேல் விழும் என்று பார்த்தால் குண்டு எங்கள் பக்கம் துவைக்கிற கல்லுக்கு நேராக, சுவரிலிருந்து ஐந்து அங்குலம் தள்ளித் தொங்குகிறது. வீட்டை ஒட்டி இருக்கிற இடத்தில் சரியாகத்தான் இருக்கிறது, போகப் போக அண்ணன் பக்கம் சாய்ந்துகொண்டே போயிருக்கிறது. அந்தச் சுவர் அப்பா கட்டியது. முருங்கை மரம் நூலில் இடித்திருக்கும், மரத்தை வெட்ட மனசு வராமல் நூலை நகர்த்தியிருப்பார் என்று அம்மா சொல்கிறார். அண்ணன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "உங்கப்பா இருந்தவரைக்கும் அந்த மரத்துக் காய் பாதி எங்க வீட்டுக்குத்தான் வரும்" என்று மட்டும் சொன்னார். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போதைக்கு இரண்டு சுவர் என்றே முடிவாகிவிட்டது. அண்ணன்தான் முதலில் சொன்னார், நான் சொல்ல வேண்டி வரவில்லை. நூல் அளவை மட்டும் நம்பாமல் சர்வேயருக்கும் விண்ணப்பம் போட்டிருக்கிறோம், இரண்டு பேர் பெயரிலும். பாத்ரூமை அவர் அந்தப் பக்கச் சுவருக்கு மாற்றிக்கொள்கிறார். வருத்தம் மேஸ்திரிக்குத்தான், இன்னொரு தடவை அட்வான்ஸ் கேட்கிறார். செங்கல் லாரி சொன்னபடி திங்கட்கிழமை வந்துவிட்டது. 1,500 கல்லும் ஒரே அடுக்காகப் பாதி அவர் வாசலிலும் பாதி என் வாசலிலுமாக இறங்கிக் கிடக்கிறது.

ரசமட்டம்:

அந்த அடுக்கை இன்றைக்கே எண்ணிப் பிரித்துவிடுங்கள், உடைந்த கல்லையும் சேர்த்து. கடைக்காலுக்குத் தோண்டியதும் கம்பி கட்டின நிலையில், கான்கிரீட் கொட்டுவதற்கு முன்னால், நூலும் டேப்பும் தெரிகிற மாதிரி இரண்டு பேரும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முருங்கை வேர் தூண் குழிக்குள் வரும், அதைப் பாதியில் வெட்டி விட்டால் துளிர்க்கும். மரம் இருக்கட்டும் என்றால் குழியை நகர்த்துங்கள், இந்தத் தடவையும் நூலை நகர்த்திவிடாதீர்கள்.